த்ரில்லர் படங்கள்: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது

த்ரில்லர் பிடிக்கும் என்று சொல்பவர்களில் பலர் பார்த்திருப்பது கடந்த இருபது வருடப் படங்களைத்தான். 1940-களில் வந்த படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னால், அரை மணி நேரத்தில் "ரொம்ப மெதுவா போகுதே" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் படம் என்ன வேலை செய்கிறது, அதை எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றைச் சில மாதங்களில் பார்த்துவிடலாம். வாரத்துக்கு ஒரு படம் போதும்.

கையில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த நிமிடம் யாருக்கு என்ன தெரியும்? நமக்குத் தெரிந்தது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்த எதையாவது படம் நம்மிடம் மறைக்கிறதா? த்ரில்லர் காலத்துக்குக் காலம் மாறியது என்றால், முக்கியமாக இந்தப் பங்கீடு மாறியது என்றுதான் அர்த்தம். துப்பாக்கி, துரத்தல், மழை இரவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு எச்சரிக்கை. சில படங்களின் நடுக் காட்சிகளைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. அப்படி வரும் இடத்தில் முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: ஏற்கனவே பார்த்த படத்தையே எடுங்கள்

பழைய படத்துக்குப் போவதற்கு முன், உங்களுக்கு முடிவு தெரிந்த ஒரு த்ரில்லரை மறுபடி பாருங்கள். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் "எனக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது". வலப்பக்கம் "பாத்திரத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியாது". ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். முதல் முறை பார்க்கும்போது உங்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

இடப்பக்கம் நீண்டால் அது சஸ்பென்ஸில் ஓடும் படம். வலப்பக்கம் நீண்டால் மர்மத்தில் ஓடும் படம். நல்ல படங்கள் பெரும்பாலும் நடுவில் பக்கம் மாறும். மாறும் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், இயக்குநரின் கை தெரிவது அங்கேதான். ஒரு படத்துக்கு இப்படிச் செய்தாலே போதும். அப்புறம் தாள் இல்லாமலேயே மனசு கணக்கு வைக்கும்.

இரண்டாம் படி: பத்து நிமிட மௌனப் படம்

லோயிஸ் வெபர் தன் கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலியோடு சேர்ந்து இயக்கி, தானே நடித்த 'சஸ்பென்ஸ்' 1913-ல் வந்தது. சுமார் பத்து நிமிடம்தான். தனியான ஒரு வீடு, கைக்குழந்தையோடு ஒரு பெண், உள்ளே நுழையப் பார்க்கும் ஒருவன், ஊருக்குள் அலுவலகத்தில் கணவன். அவள் தொலைபேசியில் கணவனைக் கூப்பிடுகிறாள். வந்தவன் கம்பியை அறுத்துவிடுகிறான்.

இந்தக் கதை அப்போதே பழசு. 1909-ல் டி. டபிள்யூ. கிரிஃபித் 'தி லோன்லி வில்லா'வில் கிட்டத்தட்ட இதையே எடுத்திருந்தார். அவருக்கு ஒரு வருடம் முன்பு ஃபிரான்சின் பதே நிறுவனப் படம் ஒன்றிலும் இது வந்துவிட்டது. ஆபத்தில் இருப்பவர், ஓடி வருபவர், மறுபடி ஆபத்தில் இருப்பவர் என்று இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டும் எடிட்டிங் அந்த வருடங்களில்தான் கதைப் படங்களில் ஊன்றியது. த்ரில்லரின் முதல் மரபு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெபர் அதற்கு மேல் ஒரு அடி போகிறார். திரையை முக்கோணமாகப் பிரித்து மனைவி, கணவன், திருடன் மூவரையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். மூவருக்கும் தெரிந்தது ஒவ்வொரு துண்டு, நமக்குத் தெரிந்தது முழுசு. இன்னொரு இடம்: ஜன்னலிலிருந்து அவள் எட்டிப் பார்க்க, கீழே நிற்பவன் முகத்தை நிமிர்த்தி நேராக கேமராவையே பார்க்கிறான். நூற்றுப் பத்து வருடம் கழிந்தும் அந்தப் பார்வை உடம்பைக் கூச வைக்கிறது. கணவன் ஓட்டி வரும் கார் அவனுடையது இல்லை, அதனால் போலீஸ் அவனைத் துரத்துகிறது. அதை கார் கண்ணாடியின் பிம்பத்தில் காட்டுகிறார்.

மௌனப் படத்தின் பிரதி மோசமாக இருந்தால் நல்ல படமும் வெறுத்துப்போகும். சீரமைக்கப்பட்ட பிரதியாகத் தேடிப் பாருங்கள்.

மூன்றாம் படி: சத்தம் வந்த பிறகு

அடுத்தது ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்', 1931. அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவன் பெர்லினில் திரிகிறான். முதல் பத்து நிமிடத்தை மட்டும் தனியாகப் பாருங்கள், முடிந்தால் இரண்டு முறை.

அம்மா சாப்பாட்டு மேசையைத் தயார் செய்கிறாள். பள்ளி விட்டு வரும் சிறுமி, பந்தை ஒரு சுவரொட்டியின் மேல் தட்டித் தட்டி விளையாடுகிறாள். அது கொலையாளியைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் சுவரொட்டி. அதன் மேல் ஒரு நிழல் விழுகிறது. அப்புறம் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும். காலியான மாடிப்படி, துணி காயும் பரண், யாரும் உட்காராத நாற்காலி. பந்து புல்லில் உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பியில் சிக்குகிறது. கொலை திரையில் இல்லவே இல்லை, ஆனால் நடந்துவிட்டது என்று அம்மாவுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கொலையாளியை அடையாளம் காட்டுவது ஒரு விசில் மெட்டு. அதைக் கேட்டுக் கண்டுகொள்பவர் பார்வையில்லாத பலூன் வியாபாரி. ஒரு பாத்திரத்துக்கு ஒரு ஒலி என்ற பழக்கம் இன்றைய படங்களில் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று யோசித்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் அந்தக் கொலையாளியின் பக்கம் நின்று பார்க்கும்படி படம் நம்மைத் தள்ளும். அது பிடிக்காமல் போகலாம், ஆனாலும் நிறுத்தாமல் பாருங்கள்.

நான்காம் படி: ஹிட்ச்காக், அவசரம் வேண்டாம்

இங்கே மட்டும் கொஞ்ச நாள் தங்குங்கள். பின்னால் வந்தவர்கள் பயன்படுத்திய சொற்களையும் உத்திகளையும் பெரும்பாலும் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்தான் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். 1962-ல் ஃபிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்சுவா த்ருஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் அவர் சொன்ன வெடிகுண்டு உதாரணம் பிரசித்தம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடித்தால் பார்ப்பவர்களுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டு, அதே சாதாரணப் பேச்சைத் தொடரவிட்டால் பதினைந்து நிமிட சஸ்பென்ஸ்.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 1936-ல் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில், குண்டு என்று தெரியாமல் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுவன் பஸ்ஸில் போகிறான். அது வெடித்துவிடுகிறது. பார்த்தவர்களுக்குக் கோபம் வந்தது, அப்படி எடுத்தது தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னால் சொன்னார். பதற்றத்தை ஏற்றினால் கடைசியில் இறக்கிவிட வேண்டும் என்ற விதி இந்தக் கசப்பில் தெரிகிறது. இதை நினைவில் வையுங்கள். 1970-களில் அந்த விதியையே உடைக்கப்போகிறார்கள்.

மூன்று படங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் 'நொட்டோரியஸ்', 1946. விருந்துக் காட்சியில் கேமரா உயரத்திலிருந்து கூட்டத்தின் மேலாக மெல்ல இறங்கி, இங்க்ரிட் பெர்க்மனின் கைக்குள் இருக்கும் ஒரு சாவியில் வந்து நிற்கும். உளவு பார்ப்பதற்காக அவள் தன் கணவனிடமிருந்து திருடிய சாவி அது, மது அறைக்கானது. அதன் பிறகு ஷாம்பெயின் பாட்டில்கள் குறைந்துகொண்டே வருவதைக் காட்டுவார். பாட்டில் தீர்ந்தால் கணவன் அந்த அறைக்குப் போக வேண்டும், சாவி காணோம் என்று தெரிந்துவிடும். குண்டே இல்லாத குண்டு இது. சிரித்துப் பேசிக்கொண்டு ஒவ்வொரு கோப்பையாக எடுக்கும் விருந்தாளிகள் எல்லோரும் நமக்கு எதிரிகளாகிவிடுகிறார்கள். சஸ்பென்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

அடுத்து 'ரியர் விண்டோ', 1954. கால் உடைந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் எதிர் வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் கிட்டத்தட்ட முழுக்க அவருக்குத் தெரிவது மட்டுமே நமக்கும் தெரிகிறது. ஓரிடத்தில் மட்டும் அவர் தூங்கும்போது நாம் ஒன்றைப் பார்த்துவிடுவோம். அந்த இடத்தைப் பிடித்தீர்களானால் உங்கள் கவனம் நன்றாகப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது 'சைக்கோ', 1960. இதைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்கு ஹிட்ச்காக் நிபந்தனை போட்டார். காரணம், கதாநாயகி என்று நாம் நம்பியவர் பாதிப் படத்துக்குள்ளேயே குளியலறையில் இறந்துவிடுகிறார். நட்சத்திரம் கடைசிவரை இருப்பார் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. எல்லோரும் குளியலறைக் காட்சியைப் பற்றிப் பேசுவார்கள், நீங்கள் அதற்கு அடுத்ததைப் பாருங்கள். விடுதி நடத்தும் நார்மன் உடலோடு காரைச் சதுப்பில் தள்ளுகிறான். மூழ்கிக்கொண்டிருந்த கார் ஒரு நொடி நின்றுவிடுகிறது. அந்த நொடியில் "ஐயோ, மூழ்காமல் போய்விடுமோ" என்று பதறுவது நாம்தான்! இத்தனை நேரம் யாருக்காகப் பயந்தோமோ அவர் உடல் அந்த காருக்குள் இருக்கிறது. சில நிமிடத்தில் நம் பக்கத்தையே மாற்றிவிட்டார்.

ஐந்தாம் படி: நிழலும் வாக்குமூலமும்

1940-களின் அமெரிக்கக் குற்றப் படங்களை பிற்பாடு ஃபிலிம் நுவார் என்று அழைத்தார்கள். பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். குண்டடி பட்ட ஒருவன் இரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதிவுக் கருவியில் "நான்தான் கொன்றேன்" என்று சொல்லத் தொடங்குகிறான். யார், எதற்காக, லாபம் கிடைத்ததா என்று எல்லாமே முதல் சில நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. மீதிப் படம் எப்படி வழுக்கி விழுந்தான் என்பது மட்டும்.

1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் தணிக்கை விதித் தொகுப்பு ஒன்று நடைமுறையில் இருந்தது. குற்றவாளி தப்பிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. தோல்வி உறுதி என்று முன்பே தெரிவதால், அந்தக் காலப் படங்கள் விதியையும் குற்ற உணர்வையும் நோக்கிப் போயின. ஒரு தடை ஒரு பாணியை வளர்த்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

தமிழிலும் இந்தக் காலத்தில் ஒரு துணிச்சல் நடந்தது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்தது. தொடக்கத்திலேயே கொலை, அப்புறம் ஒவ்வொருவர் சொல்லும் ஃப்ளாஷ்பேக் வழியாக விசாரணை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரான்சில் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ எடுத்த 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953) பார்க்க நினைத்தால் ஒன்று சொல்லிவிட வேண்டும். நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரிகள் கிளம்ப ரொம்ப நேரம் ஆகும். பொறுமையாக இருங்கள். அந்த மனிதர்கள் எவ்வளவு வழியில்லாமல் கிடக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் சாலையில் ஒவ்வொரு பள்ளமும் வயிற்றைக் கலக்கும்.

ஆறாம் படி: யாரையும் நம்ப முடியாத பத்து வருடம்

1972 ஜூனில் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள். 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் ராஜினாமா செய்தார். இந்தக் காலத்து அமெரிக்க த்ரில்லரில் வில்லனுக்கு முகமே இல்லாமல் போனது. ஒரு நிறுவனம், ஒரு அமைப்பு, தொலைபேசியின் மறுமுனையில் ஒரு குரல், அவ்வளவுதான்.

ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974) பாருங்கள். ஒட்டுக்கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவர், கூட்டம் நிறைந்த ஒரு சதுக்கத்தில் இரண்டு பேர் பேசுவதைப் பதிவு செய்கிறார். அந்த ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சத்தங்களை வடிகட்டுகிறார். நமக்கும் அவருக்கும் தகவல் ஒன்றுதான், எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் ஒரே வாக்கியத்தில் எந்தச் சொல் அழுத்தமாகக் கேட்கிறது என்பதை வைத்து அர்த்தமே மாறிவிடுகிறது. அதுவரை த்ரில்லரில் தகவல் கிடைத்தால் பாதுகாப்பு. இங்கே தகவல் கிடைத்தும் பயனில்லை.

அதே வருடம் வந்த ஆலன் ஜே. பக்குலாவின் 'தி பாரலாக்ஸ் வியூ'வையும் பார்த்தால், ஏற்றிய பதற்றத்தை இறக்கிவிடாமலே முடிப்பது என்ன என்று புரியும். அவரே 1976-ல் எடுத்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' நேர்மாறான பாடம். வாட்டர்கேட் விவகாரத்தைத் துருவிய இரண்டு நிருபர்களின் கதை, முடிவு உலகத்துக்கே தெரியும். அப்படியும் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் பேசும் ஒரு காட்சி, வெட்டே இல்லாமல் சுமார் ஆறு நிமிடம், கேமரா மெல்ல மெல்ல நெருங்க, நம்மை அசைய விடுவதில்லை.

ஏழாம் படி: படமே பொய் சொல்லும்போது

1980-களை வேகமாகத் தாண்டலாம். 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' (1987) மாதிரி வீட்டுக்குள் நுழையும் ஆபத்துக் கதைகள் பெரிதாக ஓடின. வெளியிடும் முன் பார்வையாளர்களுக்குச் சோதனையாகப் போட்டுக் காட்டிய பிறகு அந்தப் படத்தின் முடிவை மாற்றி எடுத்தார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

நிற்க வேண்டிய இடம் ஜோனதன் டெமியின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்', 1991. பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கடைசிப் பகுதியில் எஃப்பிஐ ஆட்கள் ஒரு வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். உள்ளே நிலவறையில் கொலையாளி. வெளியே அழைப்பு மணியை அழுத்துகிறார்கள், உள்ளே மணி அடிக்கிறது. அவன் மேலே வந்து கதவைத் திறக்கிறான். வாசலில் நிற்பது கதாநாயகி, எஃப்பிஐ பயிற்சியில் இருக்கும் கிளாரிஸ், தன்னந்தனியாக. படை நிற்பது வேறொரு ஊரில், காலி வீட்டின் முன்னால். இரண்டாம் படியில் பார்த்த மாற்றி மாற்றிக் காட்டும் எடிட்டிங் நினைவிருக்கிறதா? வெளியே காட்டி உள்ளே காட்டினால் இரண்டும் ஒரே இடம் என்று எண்பது வருடமாக நாம் பழகியிருந்தோம். அந்தப் பழக்கத்தை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார். 1913 படத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்தால் திகைப்பு மட்டும் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால், எந்த நம்பிக்கையின் மேல் கை வைத்தார் என்பதும் தெரியும்.

1990-களின் நடுவிலிருந்து 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' (1995), 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999), 'மெமன்டோ' (2000) என்று கதை சொல்பவரையே சந்தேகிக்க வைக்கும் படங்கள் வரிசையாக வந்தன. தாளின் வலப்பக்கம் இப்போதுதான் மிக நீளமாகிறது. வீட்டில் மறுபடி போட்டுப் பார்க்கும் வசதி பரவியதும் இதற்கு உதவியது என்று நினைக்கிறேன். இவற்றில் ஒன்றை எடுத்து, இடையில் ஒரு வாரம் விட்டு, இரண்டாவது முறை பாருங்கள். முடிவு தெரிந்தும் பிடித்துவைக்கிறதா, இல்லை ட்விஸ்ட் போனதும் சப்பென்று ஆகிறதா? ட்விஸ்ட் படங்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் படி: விடை இல்லாத முடிவு

போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' 2003-ல் வந்தது. 1986 முதல் 1991 வரை தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளைத் தழுவியது. படம் வந்தபோது கொலையாளி யார் என்று யாருக்குமே தெரியாது. 2019-ல்தான் மரபணு ஆதாரத்தால் அடையாளம் கண்டார்கள். நமக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நிலையில் படத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கடைசி ஷாட்டைப் பாருங்கள், சொன்னால் கெட்டுவிடும். பிடித்திருந்தால் டேவிட் ஃபின்ச்சரின் 'ஸோடியாக்' (2007) அடுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜீத்து ஜோசப்பின் மலையாளப் படம் 'த்ரிஷ்யம்' (2013). குற்றம் நம் கண் முன்னால் நடக்கிறது, மறைப்பதும் நம் கண் முன்னால். நாமும் கூட்டாளி ஆகிவிடுகிறோம். ஆனால் ஒரே ஒரு துண்டைப் படம் நமக்குத் தராமல் வைத்திருக்கிறது. கூட்டாளியிடமே மறைப்பது என்ற இந்த ஏற்பாடு மொழி தாண்டி வேலை செய்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், சீனம் வரை மறுபடி எடுத்தார்கள்.

ஒன்பதாம் படி: கைபேசி வந்த பிறகு

1913-ல் கம்பியை அறுத்தால் போதும், அந்தப் பெண் தனியாகிவிடுவாள். எல்லோர் பையிலும் தொலைபேசி இருக்கும்போது என்ன செய்வது? கொஞ்ச காலம் "சிக்னல் இல்லை", "சார்ஜ் போயிடுச்சு" என்று சமாளித்தார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, சோம்பேறித்தனமான வழி அது. அனீஷ் சகன்டியின் 'சர்ச்சிங்' (2018) நேரெதிராகப் போனது. காணாமல் போன மகளைத் தேடும் அப்பாவின் கதை முழுவதும் கணினி, கைபேசித் திரைகளில் நடக்கிறது. அவர் ஒரு செய்தியைத் தட்டுகிறார், அனுப்பப் போகிறார், அழித்துவிடுகிறார். நாம் பார்த்துவிட்டோம், மகள் பார்க்கவில்லை. இடப்பக்கத்தில் ஒரு வரி.

அதே வருடம் வந்த டென்மார்க் படம் 'தி கில்ட்டி', அவசர உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கும் ஒரு போலீஸ்காரரை மட்டும் காட்டுகிறது. மற்றதெல்லாம் காதில்தான். இதை டப்பிங்கில் பார்க்க வேண்டாம். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரல்களின் நடுக்கம்தான் படம், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு

இதுவரை வந்துவிட்டால் கிளை பிரியலாம். திட்டம் போட்டுத் திருடும் கதைகள் பிடிக்குமானால் ஜூல்ஸ் தசானின் 'ரிஃபிஃபி' (1955): திருட்டு நடக்கும் சுமார் அரை மணி நேரம் வசனமும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. வண்ணமும் ரத்தமும் தாங்குமென்றால் 1960, 70-களின் இத்தாலிய ஜாலோ படங்கள், அதாவது கொலை மர்மப் படங்கள். கறுப்புக் கையுறை போட்ட கொலையாளியை அங்கே அடிக்கடி பார்ப்பீர்கள். டாரியோ அர்ஜென்டோவின் 'டீப் ரெட்' (1975) நல்ல வாசல், அதில் நாயகன் பார்த்தும் கவனிக்காமல் விட்ட ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அகிரா குரோசவாவின் 'ஹை அண்ட் லோ' (1963). கடத்தல்காரன் தொலைபேசியில் கூப்பிடுகிறான், ஆனால் அவன் தவறான பையனைத் தூக்கிவிட்டான்: பணக்காரரின் மகனை விட்டுவிட்டு, அவருடைய கார் ஓட்டுநரின் மகனை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒரே வரவேற்பறையில் ஓடும். பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் தவிக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுநர் எப்போதும் சட்டகத்தின் ஓரத்தில் இருப்பார்.